கைமாறும் கோப்புகளும் காணாமற்போன அரைவரியும்

மனிதன் தனித்துச் சுவைப்பதில் நிறைவு காணாதவன். நல்ல பாட்டொன்றைக் கேட்டால் அருகிலிருப்பவரையும் அழைத்துக் கேட்கச் செய்கிறான். நகைச்சுவைத் துணுக்கொன்றைப் படித்தால் அதனை மற்றொருவரிடம் சொல்லி, அவர் சிரிப்பதைக் கண்ட பிறகே தன் சிரிப்பை முடிக்கிறான். வானில் வால்மீன் தோன்றிற்று என்றால் வீட்டார் அனைவரையும் மாடிக்கு ஏற்றிவிடுகிறான். இப்பழக்கம் இணையத்தோடு பிறந்தது என்று இளைஞர் சிலர் எண்ணுவர். திண்ணையும் தேநீர்க்கடையும் ஒலிநாடாக் கடையும் முன்பு செய்த பணியையே இணையம் இன்று விரைந்து செய்கிறது. விரும்பிய பாடல்களை எழுதிக் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்து வாங்கிய நாள்களை எம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற உறவினர் கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலையே நாடாவில் பதிந்து அனுப்பியதும், வீடே கூடியிருந்து அதனைக் கேட்டதும் உண்டு.

அந்த நாடாக்களுக்கு ஓர் இயல்பு இருந்தது. மூலத்திலிருந்து ஒரு படி, அப்படியிலிருந்து மற்றொரு படி என்று எடுக்குந்தோறும் இரைச்சல் கூடும். எத்தனை கை மாறி வந்தது என்பதை அந்த இரைச்சலே சொல்லிவிடும். இன்று ஒருவர் தம் கைப்பேசியில் பெறும் கோப்பு ஆயிரம் கை மாறியிருப்பினும் முதற்படி போலவே பளிச்சென்று இருக்கிறது. ஆதலால் அதில் எதுவும் குறையவில்லை என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் குறைவதும் உண்டு, கூடுவதும் உண்டு. இணையவழிப் பகிரப்படும் இசை, படம், நகைச்சுவை, அறிவியற்செய்தி ஆகியவற்றிலிருந்து யாம் அறிந்த சிலவற்றை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முயல்கிறோம்.

இசை சுருங்கிய வரலாறு

குறுவட்டில் ஒலி எவ்வாறு பதியப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இருமக் குறிகளால் எழுதப்படுகிறது. இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனித் தடங்கள். ஆக, ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 14 இலட்சம் குறிகள் தேவை. நான்கு நிமிடப் பாடல் ஒன்றை 1990களின் தொலைபேசிக் கம்பி வழியே, அந்நாளின் விரைவான இணைப்பில் பெற முயன்றாலும் ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாகும். அதற்குள் தொலைபேசிக் கட்டணம் பாடலின் விலையை விஞ்சிவிடும்.

செருமனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சர் தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப இயலும் என்று கருதிக் காப்புரிமை கோரியபோது, ஆய்ந்த அலுவலர் இது நடவாதது என்று மறுத்தாராம். அவருடைய மாணவர் கார்ல்ஐன்ஸ் பிராண்டன்பர்க் அதனையே தம் முனைவர் பட்ட ஆய்வாக மேற்கொண்டார். மாணவரின் நோக்கு ஒலியை விட்டுச் செவிக்குச் சென்றது. செவி எதனைக் கேட்கிறது, எதனைக் கேட்காமல் விட்டுவிடுகிறது என்று ஆராய்ந்தார்.

தொடர்வண்டி நிலையத்தில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி பெருமுழக்கத்தோடு வந்து நுழைகிறது. பேசுபவரின் உதடு அசைகிறது. ஒலி காற்றில் பரவத்தான் செய்கிறது. கேட்பவரின் செவிக்கு மட்டும் எட்டவில்லை. பேரொலி தன்னை ஒத்த அலைவெண்ணுடைய சிற்றொலியை மறைத்துவிடுகிறது. பேரொலி ஓய்ந்த பின்னும் சிறுபொழுது இம்மறைப்பு நீடிக்கிறது. பாடலிலும் இவ்வாறே. மத்தளம் முழங்கும் கணத்தில் அதனடியில் ஒலிக்கும் மெல்லிய நரம்பிசை பலவேளைகளில் நம் செவியில் விழுவதில்லை. விழாததை எழுதுவானேன்? அதனைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் எழுதினால் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இதுவே எம்.பி.3. ஒன்றரை மணி நேரம் பத்து நிமிடத்திற்குள் அடங்கியது.

செய்முறை முதிர்ந்துவரும் வேளையில் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சூசன் வேகா இசைக்கருவி எதுவுமின்றித் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாடலைச் சுருக்கிப் பார்த்தார். அக்குரல் சகிக்கவியலாதபடி சிதைந்து ஒலித்தது. ஆரவாரமான இசையில் பிழைகள் ஒளிந்துகொள்ளும்; துணையற்ற மனிதக் குரலில் ஒளிய இடமில்லை. அப்பாடலை நூற்றுக்கணக்கான முறை கேட்டுக் கேட்டே அவர் தம் முறையைத் திருத்தினார். இக்கோப்புகளுக்கு எம்.பி.3 என்னும் பெயரொட்டு 1995 சூலை 14 அன்று முடிவு செய்யப்பட்டது. 1999இல் நாப்ஸ்டர் தோன்றி, ஒருவர் கணினியில் உள்ள பாடலை உலகில் எவரும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 2001இல் அது நின்றது. அவ்வழக்கின் நுணுக்கங்கள் சட்டத்துறையினர்க்கு உரியவை. யாம் அதற்குள் புகவில்லை.

எம் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. ரயான் மக்வயர் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர், அதே 'டாம்ஸ் டைனர்' பாடலைச் சுருக்கும்போது கழித்தெறியப்பட்ட ஒலிகளை மட்டும் திரட்டி ஒரு தனி இசைப்படைப்பாக்கினார். கிணற்றடியிலிருந்து யாரோ பேசுவது போன்ற மங்கிய ஓசைகள். பாடகியின் மூச்சின் நிழல்கள். கேட்காது என்று நீக்கப்பட்டவை தனியே எடுத்தால் கேட்கத்தான் செய்கின்றன. எம் வாப்பா, நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களைக் கைப்பேசியில் கேட்கும்போதெல்லாம், "அந்தக் கணீர் இதுல இல்லையே, தம்பி" என்று குறைப்படுவார். குறையிற் பெரும்பகுதி கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியைச் சாரும். எனினும் மேடையின் முன்னமர்ந்து அக்குரலைக் கேட்டவரின் செவியோடு வாதிட யாம் துணியவில்லை.

படத்தில் கூடியது

இசையில் உள்ளது கழிந்தது. படத்தில் இல்லாதது சேர்ந்தது. பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறப்பாளர், இலா சியோட்டா நிலையத்திற்குத் தொடர்வண்டி வருவதைப் படம்பிடித்து 1896இல் காட்டினர். ஐம்பது நொடி அளவே ஓடும் படம். நொடிக்குப் பதினாறு அளவிலான சட்டங்கள். கையால் சுழற்றிய கருவி. வண்டி தம்மீதே ஏறிவிடுமென்று அஞ்சிப் பார்வையாளர் எழுந்தோடினர் என்னும் கதை நூல்தோறும் காணப்படும். அதற்குத் தக்க சான்றில்லை என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெனிஸ் ஷிர்யாயெவ் என்பவர் இப்படத்தைக் கணினியின் செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கி, நொடிக்கு அறுபது சட்டங்களாக்கி வெளியிட்டார். உலகெங்கும் அது பகிரப்பட்டது, எமக்கும் வந்தது. நடைமேடையில் நிற்கும் மகளிரின் ஆடைமடிப்புகூடத் தெரிகிறது. வியந்துபோனோம். பின்னரே உற்றறிந்தோம்: அத்தெளிவு 1896இன் படச்சுருளில் இருந்ததன்று. வேறு எண்ணற்ற படங்களைக் கண்டு பழகிய கணினி, இவ்விடத்தில் இவ்வாறு இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்பியது. இரு சட்டங்களுக்கு இடையே இல்லாத சட்டங்களை அதுவே வரைந்து சேர்த்தது. ஷிர்யாயெவ் எதனையும் மறைத்தாரல்லர்; தாம் கையாண்ட மென்பொருள்களின் பெயர்களை உடன் தெரிவித்தேயிருந்தார். எமக்கு வந்த படியில் அக்குறிப்பு இல்லை. சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீர்களைத் தம் புலமையால் நிரப்பிய பதிப்பாசிரியர், அவற்றைப் பகர அடைப்புக்குள் இட்டுக் காட்டுவதுண்டு. அடைப்பை எடுத்துவிட்டால் எது புலவர் வாக்கு, எது பதிப்பாசிரியர் வாக்கு?

நகைச்சுவையின் செய்தி இன்னும் சுவையானது. 1982ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஆசிரியரும் மாணவரும் கணினி அறிவிப்புப் பலகையில் ஒரு புதிரை விவாதித்துக்கொண்டிருந்தனர். கயிறு அறுந்து விழும் மின்தூக்கிக்குள் எரியும் மெழுகுவத்தியும் ஒரு துளி பாதரசமும் இருந்தால் அவை என்னாகும்? ஒருவர் வேடிக்கையாக, அண்மையில் நடந்த இயற்பியற் சோதனையால் இடப்புற மின்தூக்கியில் பாதரசம் கலந்துவிட்டது, சிறிது தீச்சேதமும் உண்டு என்று எச்சரிக்கை எழுதினார். முந்தைய உரையாடலைப் படித்தவர் சிரித்தனர். படியாதவர் மெய்யென்று நம்பினர்.

வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று பலரும் பலவற்றைக் கூற, ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினியியல் அறிஞர் செப்டம்பர் 19 அன்று ஒரு வழி சொன்னார். முக்காற்புள்ளி, அதனையடுத்துச் சிறுகோடு, அதனையடுத்து மூடும் அடைப்புக்குறி. தலையை இடப்புறம் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம். இன்று கைப்பேசிகளில் உருளும் மஞ்சள் முகங்களுக்கு இது முன்னோடி. நேரிற் பேசுகையில் குரலும் முகமும் செய்யும் பணியை எழுத்தில் மூன்று குறிகள் செய்தன. அவர் எழுதிய அந்தச் சிறு குறிப்பே நெடுநாள் காணாமற்போயிருந்தது. 2002இல் பழைய காப்பு நாடாக்களைத் தேடிப் படித்தே அதனை மீட்டனர். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்தோர் வரலாற்றைக் கற்பிக்கும் எமக்கு, கணினி உலகிலும் சுவடி தேடல் உண்டென்பது வியப்பாகவே இருந்தது.

செவ்வாயும் யாமும்

அறிவியலைப் பொறுத்தவரை, பகிர்வு செய்த நன்மை அளவிடற்கரியது. முன்னாளில் இயற்பியலறிஞர் தம் கட்டுரைகளை இதழில் அச்சாகும் முன்பே படியெடுத்து அஞ்சலில் அனுப்புவர். அவை பெரிய நிறுவனங்களுக்கே செல்லும். சிறிய கல்லூரியில் இருப்பவர் ஓராண்டு பொறுத்திருந்து இதழில்தான் காண முடியும். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலிருந்து இக்கட்டுரைகளைக் கணினி வழியே எவரும் பெற வழிவகுத்தார். ஆர்க்கைவ் என்னும் பெயரில் இன்றும் அது கட்டணமின்றி இயங்குகிறது. உருசிய நாட்டுக் கணிதமேதை கிரிகோரி பெரல்மன், பொயன்காரே கருதுகோளுக்கான தம் மெய்ப்பினை 2002இல் இதழ் எதற்கும் அனுப்பாமல் இதிலேதான் வெளியிட்டார். உள்ளூரில் இருக்கும் மாணவனும் ஆர்வர்டில் இருக்கும் பேராசிரியரும் ஒரே நாளில் அதனைப் படிக்க முடிந்தது.

அதே வழியில் பதரும் வருகிறது. எம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். அதில் குற்றம் எம்முடையதே.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம். உறவினர் சிலர் ஊரிலேயே தங்கியிருந்தனர். எம் மச்சான் ஒரு மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஆகஸ்டு 27 பிறந்து அரைமணி நேரத்தில், நள்ளிரவு 12.30க்குச் செவ்வாய்க்கோள் வெறுங்கண்ணுக்கு முழுநிலவளவு தோன்றும். வானில் இரண்டு நிலவுகளைக் காணலாம். இனி இதனைக் காண உயிரோடிருப்பார் எவருமில்லை என்பது செய்தி. உடன் ஒரு படமும் இருந்தது. யாம் அதனை வீட்டாரிடம் சொன்னதோடு நில்லாமல் வகுப்பிலும் கூறினோம். அன்றிரவு மாடியில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு காத்திருந்தோம். வானம் தெளிந்திருந்தது. மேற்கே சாய்ந்த நிலவு ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு மணிக்குப் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். வாப்பா கேட்டார்:

"யாரு தம்பி இதைச் சொன்னது?"

"மச்சான் அனுப்புனாங்க, வாப்பா."

"மச்சானுக்கு யாரு சொன்னது?"

எம்மிடம் மறுமொழி இல்லை. ஒரு செய்தியைச் சொல்லியவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடர்ச்சியாக வினவும் மரபில் வளர்ந்தவர் அவர். மறுநாள் வகுப்பில், பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்க தாத்தாவையும் எழுப்பி உட்கார வச்சிருந்தேன்" என்றான். குறைகூறும் தொனியில் சொல்லவில்லை. அதுவே எம்மை மிகவும் வருத்தியது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக ஒரு நூலின் இரு பதிப்புகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தவர் யாம். அச்சில் வந்த நூலை ஐயுற்ற நாம், மின்னஞ்சலில் வந்ததை ஐயுறவில்லை.

பின்னர் மூலத்தைத் தேடினோம். செய்தி முழுப்பொய்யன்று என்பதே வியப்பு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே நிலவுலகிற்கு மிக அருகில் வந்தது. தொலைவு ஏறத்தாழ 5 கோடியே 57 இலட்சம் கிலோமீட்டர். அறுபதாயிரம் ஆண்டுகளில் அவ்வளவு அருகில் அது வந்ததில்லை. அப்பொழுதும் அதன் தோற்ற விட்டம் 25 விகலைதான். முழுநிலவின் தோற்ற விட்டமோ சற்றேறக்குறைய 1,800 விகலை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 72 வரும். எனவே 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால், செவ்வாய் அதில் வெறுங்கண்ணால் காணும் முழுநிலவின் அளவுக்குத் தோன்றும். முதல் மின்னஞ்சல் சொன்னதும் இதுவே. அவ்வாக்கியம் இரண்டாக உடைந்து, பிற்பாதி புதிய வரியாகத் தொடங்கியது. 75 மடங்கு என்னும் முற்பாதியைப் படிப்போர் தாண்டிச் சென்றனர். அடுத்தடுத்த படிகளில் அது உதிர்ந்தும் போயிற்று. முழுநிலவுக்கு அடையாக நின்ற 'வெறுங்கண்' செவ்வாய்க்கு அடையாகிவிட்டது. கொண்டுகூட்டுப் பொருள்கோள் பயின்ற நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அத்தோடு '2003' என்னும் ஆண்டும் உதிர்ந்தது. நாளும் மாதமும் எஞ்சின. ஆகவே ஒவ்வோர் ஆகஸ்டிலும் அது புதுச்செய்தியாகப் பிறந்தது. யாம் மாடியில் காத்திருந்த அவ்விரவில் செவ்வாய் முன்னிரவிலேயே மேற்கில் மறைந்துவிட்டிருந்தது. 2003ஐ விடச் சிறிது அருகில் அது வரப்போவது 2287 ஆகஸ்டு 28 அன்றே.

தீபாவளி தோறும் வலம்வரும், ஒளிமயமான இந்தியாவின் விண்வெளிப் படத்தின் நிலையும் இதுவே. 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளின் நகர விளக்குகளை வெவ்வேறு வண்ணங்களில் அடுக்கி, மக்கட்பெருக்கத்தைக் காட்ட அமெரிக்க அறிவியலார் ஒருவர் உருவாக்கிய படம் அது. வண்ணக் குறிப்பு நீங்கியதும் அது விழாக்கால வெளிச்சமாயிற்று.

ஏடெழுதியோரும் தவறு செய்தனர். வரி விட்டனர், சொல் மயங்கினர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறும் வரை ஏட்டிலேயே வழங்கிற்று. அதற்குள் எத்தனை கைகள்! எனினும் ஏட்டின் இறுதியில் இன்னார் மகன் இன்னார் இன்ன நாளில் எழுதி முடித்தது என்னும் குறிப்பை எழுதிவைப்பவர் பலர் இருந்தனர். படிக்குப் பொறுப்பேற்கும் பெயர் ஒன்று உடன் சென்றது.

இணையத்திலும் அவ்வாறு செய்தோர் இலர் என்று கூறுதல் பொருந்தாது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் நம்மனைவர்க்கும் பயன்படுவது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில், உலகின் பல பகுதிகளிலுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் பெறும்படி வைத்தனர். அதன் ஒவ்வொரு நூலிலும் முகப்புப் பக்கம் ஒன்று உண்டு. தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் அதில் இருக்கும். இக்கோப்பினை எவரும் விலையின்றிப் பிறர்க்கு வழங்கலாம், ஆயின் இம்முகப்புப் பக்கத்தை நீக்காமல் வழங்க வேண்டும் என்பது அதிலுள்ள ஒரே வேண்டுகோள்.

சென்ற பருவத்தில் இலக்கியப் பாடத்திற்கென எம் மாணவர் சிலர் மதுரைத் திட்டத்திலிருந்து நூலொன்றை எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்பினர். பாடல்கள் இருந்தன, முகப்புப் பக்கம் இல்லை. அதனையும் கேட்டோம். மாலைக்குள் அனுப்பிவிட்டனர்.